பிக் அப்: எதைச் சொல்லும்போது எந்தப் பொருள்

‘பிக் அப்’ என்று ஆங்கில அகராதியில் தேடினால் ஒரு டசினுக்கு மேல் பொருள் வரிசையாக நிற்கும். ஓஎல் பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்வதுண்டு. பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். அந்த வரிசை தேவையில்லை. கூட வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ஆளா, பையா, போனா, பாஷையா, தடிமனா, காற்றா? அதுவே பொருளைச் சொல்லிவிடும். ‘பிக் அப் த சில்ட்ரன்’ என்றால் பிள்ளைகளை ஏற்றிவருவது. ‘பிக் அப் எ கோல்ட்’ என்றால் தடிமன் தொற்றுவது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

பொருளைப் புரிந்துகொள்வதில் நம்மவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. சொல்லும்போதுதான் பிழை வருகிறது. அதிலும் பாதிப் பிழை ஒரே இடத்தில், ‘அப்’பை எங்கே வைப்பது என்பதில். அதனால் அதை முதலில் பார்ப்போம்.

படி 1: ‘அப்’ எங்கே நிற்கும்

பெயர்ச்சொல் சின்னதாக இருந்தால் முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ‘பிக் அப் த பேக்’, ‘பிக் த பேக் அப்’ இரண்டும் சரி. பொருளில் வேறுபாடு இல்லை.

மீ, யூ, ஹிம், ஹேர், இட், அஸ், தெம் என்ற ஏழில் ஒன்று வந்தால் அது நடுவில்தான் வரவேண்டும். ‘பிக் மீ அப்’, ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் மீ’ பிழை, ‘பிக் அப் இட்’ பிழை. ‘பிக் அப்’ மட்டும் வரும்போது இதற்கு விதிவிலக்கு இல்லை; ‘ஒன்’ சேர்ந்தால் வேறு, அதைப் படி 8இல் பார்ப்போம்.

பெயர்ச்சொல் நீளமாக இருந்தால் ‘அப்’பை முதலில் முடித்துவிடுங்கள். ‘பிக் அப் த டூ போய்ஸ் வெயிட்டிங் நியர் த கல்லடி பிரிட்ஜ்’, அதாவது கல்லடிப் பாலத்தடியில் நிற்கிற இரண்டு பொடியன்களையும் ஏற்று. இதில் ‘அப்’பைக் கடைசிக்குத் தள்ளினால் கேட்பவர் வசனத்தின் முடிவுவரை மூச்சுப் பிடித்துக் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு பிழை ‘அப்’பையே விட்டுவிடுவது. ‘கேன் யூ கம் அண்ட் பிக் மீ?’ என்பது நம் பக்கத்தில் நாளாந்தம் கேட்கும் வசனம். ‘பிக்’ தனியாக நின்றால் தெரிவுசெய்தல் அல்லது பறித்தல். ஆகவே அந்த வசனத்தின் பொருள் ‘வந்து என்னைத் தெரிவுசெய்வீர்களா?’ என்பதுதான். கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுக்கும்போது அது பொருந்தும். பஸ் ஸ்டாண்டில் பொருந்தாது. வசனம் கேள்வியாகவோ செயப்பாட்டுவினையாகவோ மாறும்போது ‘அப்’ இன்னும் சுலபமாக நழுவும். ‘ஹூ இஸ் பிக்கிங் யூ அப்?’ உன்னை ஏற்ற யார் வருகிறார்? ‘வீ வேர் பிக்ட் அப் அட் சிக்ஸ்.’ ஆறு மணிக்கு எங்களை ஏற்றினார்கள். ‘த பார்சல் ஐ பிக்ட் அப் யெஸ்டர்டே.’ நேற்று நான் எடுத்துவந்த பார்சல். மூன்றிலும் ‘அப்’ இருந்தே ஆகவேண்டும்.

படி 2: காதுக்கும் வாய்க்கும்

எழுதும்போது இரண்டு சொல். பேசும்போது ஒட்டி ‘பிக்கப்’. இறந்தகாலத்தைப் ‘பிக்கட்’ என்று இரண்டு அசையாக இழுக்கக் கூடாது. அது ஒரே அசை, ‘பிக்ட்’. அடுத்து ‘அப்’ வந்தால் ‘பிக்-டப்’ என்று ஒட்டும். ‘பிக் இட் அப்’ வெளிநாட்டவர் வாயில் ‘பிகிடப்’ என்று விழும். ‘பிக் ஹிம் அப்’பில் ‘ஹ’ கரைந்து ‘பிகிமப்’ ஆகும். இது பழகாவிட்டால் தெரிந்த சொல்லே தெரியாத சொல்போலக் கேட்கும். பாசிக்குடா ஹோட்டல்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ‘வெள்ளைக்காரர் வேகமாகப் பேசுகிறார்கள்’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இந்த ஒட்டுதல்தான் காரணம், வேகம் அல்ல.

‘மீ’, ‘இட்’ நடுவில் வரும்போது அழுத்தம் ‘அப்’பில் விழும்: பிக் மீ அப். ‘அப்’ஐ மெதுவாக விழுங்கினால் கேட்பவருக்கு ‘பிக் மீ’ மட்டுமே கேட்கும்.

படி 3: ஆளை ஏற்றுவது

அதிகம் தேவைப்படும் பொருள் இதுதான். ‘மனே, தங்கச்சிய டியூசனால ஏத்திட்டு வா’ என்று அம்மா சொல்கிறாரே, அந்த ‘ஏத்திட்டு வா’தான் ‘பிக் அப்’. ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவது ‘ட்ரொப் ஓஃப்’. ‘ஐ வில் ட்ரொப் யூ ஓஃப் அட் த கிளாஸ் அண்ட் பிக் யூ அப் அட் ஃபைவ்.’ வகுப்பில் இறக்கிவிட்டு ஐந்து மணிக்கு வந்து ஏற்றுகிறேன்.

இடத்துக்கு ‘அட்’, ‘ஃப்ரொம்’ இரண்டும் போடலாம். ‘பிக் மீ அப் அட் த ஸ்டேஷன்’ என்றால் சந்திக்கும் இடம் ஸ்டேஷன். ‘பிக் மீ அப் ஃப்ரொம் த ஸ்டேஷன்’ என்றால் அங்கிருந்து கூட்டிப்போ. நேரத்துக்கு ‘அட்’ மட்டும்தான். இடமும் நேரமும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் இடம் முதலில், நேரம் பின்னால்.

காலம் காட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்கெனவே பேசி ஒழுங்குசெய்த பயணத்துக்கு ‘மை அங்கிள் இஸ் பிக்கிங் மீ அப் டுமோரோ’. அந்த இடத்திலேயே முடிவெடுத்து வாக்குக் கொடுக்கும்போது ‘டோன்ட் வொரி, ஐ வில் பிக் யூ அப்’. முதலாவதை ‘மை அங்கிள் வில் பிக் மீ அப்’ என்றாலும் பிழையில்லை. ஆனால் ஒழுங்கு முடிந்துவிட்டது என்ற தொனி குறையும்.

அறுகம்பேயில் சர்ஃப் சீசனில் விருந்தினருக்கு அனுப்பும் தகவலில் இது உயிர்நாடி. ரெயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. அறுகம்பேயை ஒட்டிய பொத்துவிலுக்கு ரெயில் இல்லை. கொழும்பிலிருந்து ரெயிலில் வருபவரை மட்டக்களப்பு ஸ்டேஷனில் ஏற்றி, கல்முனை, அக்கரைப்பற்று வழியாக நூறு கிலோமீட்டர் அளவு கொண்டுபோகவேண்டும். தகவல் தெளிவில்லாவிட்டால் அவர் ஸ்டேஷனில் தனியாக நிற்பார். அனுப்பவேண்டியது இவ்வளவுதான்: ‘த டிரைவர் வில் பிக் யூ அப் அட் பட்டிகலோ ஸ்டேஷன். ஹீ வில் வெயிட் அட் த மெயின் கேட். ப்ளீஸ் சென்ட் அ மெசேஜ் வென் யூ அரைவ்.’ யார், எங்கே, எந்த வாசல், வந்ததும் என்ன செய்வது என்ற நாலும் அதில் இருக்கின்றன. நாளும் மணியும் மேலே தனி வரியில் வரட்டும். ‘டுமோரோ’ என்று மட்டும் எழுதவேண்டாம். இரவு பன்னிரண்டு தாண்டிப் படித்தால் ‘நாளை’ எந்த நாள் என்று குழப்பம் வரும்.

இந்தப் பொருளில் இரண்டு பள்ளம் உண்டு. முன்பின் தெரியாத பெண்ணையோ ஆணையோ ‘பிக் அப்’ செய்தேன் என்றால் காதல் சேட்டையாகப் பேசி வளைத்துக்கொண்டேன் என்ற பொருள் வந்துவிடும். ஓட்டோ ஓட்டும் தம்பி ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள் லாஸ்ட் நைட்’ என்று வெள்ளைக்காரரிடம் சொன்னால் அவர் சிரிப்பார், அல்லது முகம் சுளிப்பார். ‘ஐ பிக்ட் அப் எ பெஸெஞ்சர்’ என்று சொன்னால் தொல்லை இல்லை. மற்றது பொலிஸ். ‘த பொலிஸ் பிக்ட் ஹிம் அப்’ என்றால் பொலிஸார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு லிஃப்ட் கொடுக்கவில்லை.

படி 4: போன்

நாம் ‘போன் எடுக்கிறான் இல்ல’ என்போம். ‘உங்களுக்கு ஒரு கோல் எடுக்கிறேன்’ என்றும் சொல்வோம். முதலாவது பதிலளிப்பது, இரண்டாவது அழைப்பது. தமிழில் இரண்டுக்கும் ‘எடு’. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. பதிலளிப்பது ‘பிக் அப்’. அழைப்பது ‘கோல்’ அல்லது ‘ரிங்’. ‘ஐ வில் டேக் எ கோல் டு யூ’ என்பது ‘கோல் எடுக்கிறேன்’ என்பதை அப்படியே தூக்கி வைத்தது. ‘டேக் எ கோல்’ என்றால் வந்த அழைப்பை ஏற்பது, அதாவது நேர் எதிர். ‘ஐ வில் கோல் யூ’ போதும்.

போன் விஷயத்தில் பெயர்ச்சொல்லே தேவையில்லை. ‘ஹீ இஸ் நொட் பிக்கிங் அப்’, அவர் போன் எடுக்கவில்லை. ‘ஹீ இஸ் நொட் பிக்கிங்’ என்று நிறுத்தினால் வசனம் பாதியில் அறுந்தது. ‘பிக் அப்! பிக் அப்!’ என்று மணி அடிக்கும்போது தனக்குத்தானே முணுமுணுப்பதும் சரியான ஆங்கிலமே. போனை வைப்பது ‘ஹேங் அப்’. அங்கேயும் ‘அப்’ வருவதைப் பார்த்து இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

படி 5: பொருட்கள்

மாமரத்தில் ஏறிப் பறித்தால் ‘பிக்’. காற்றில் விழுந்த மாங்காயை மண்ணிலிருந்து எடுத்தால் ‘பிக் அப்’. மேலே உள்ளதைப் பறித்தல், கீழே உள்ளதைத் தூக்குதல். இந்த ஒரு சோடியைப் பிடித்துக்கொண்டால் ‘அப்’ ஏன் வருகிறது என்று பிறகு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது, தயாராக இருப்பதைப் போய் எடுத்துவருவது. தைக்கக் கொடுத்த சட்டை, பார்மசியில் மருந்து, கூரியரில் வந்த பார்சல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். போகும் வழியில் சின்னதாக ஏதாவது வாங்குவதற்கும் இதே சொல். ‘பிக் அப் சம் கேர்ட் ஒன் யுவர் வே ஹோம்’, வரும் வழியில் தயிர்ச் சட்டியொன்று வாங்கிவா. இதில் ‘போற வழியில்’ என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. அதனால் காணி வாங்கினேன், டிராக்டர் வாங்கினேன் என்பதற்குச் சாதாரணமாக இது வராது. ‘பை’ அல்லது ‘போட்’ போடுங்கள். மலிவாகத் தட்டிக்கொண்டு வந்தேன் என்று பெருமையடிக்கும்போது மட்டும் பெரிய பொருளுக்கும் வரும்: ‘ஐ பிக்ட் அப் திஸ் பைக் ஃபோர் நெக்ஸ்ட் டு நத்திங்.’

ரெஸ்டோரண்டில் வேலைசெய்பவர் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது: ‘பிக் அப் த பில்’ என்றால் பில்லை எடுப்பது அல்ல, காசு கட்டுவது. அதுவும் மற்றவர்களுக்கும் சேர்த்து. கவுண்டரில் இருக்கும் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற எண்ணத்தில் விருந்தினரிடம் ‘ப்ளீஸ் பிக் அப் த பில்’ என்றால், மேசையில் இருக்கும் எல்லோருக்கும் நீங்களே கட்டுங்கள் என்று சொன்னதுபோல ஆகும். ‘ஹியர் இஸ் யுவர் பில்’ என்று மேசையில் வைத்துவிட்டு நகருங்கள்.

படி 6: பாஷை, பழக்கம், தடிமன்

வகுப்புக்குப் போகாமல், கேட்டும் பார்த்தும் பிடித்துக்கொள்வது ‘பிக் அப்’. அம்பாறை டவுனில் கடை வைத்திருப்பவருக்குச் சிங்களம் வந்தது இப்படித்தான்: ‘ஹீ பிக்ட் அப் சிங்களா ஃப்ரொம் ஹிஸ் கஸ்டமர்ஸ்.’ கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பாடமாகப் படித்ததற்கு இது பொருந்தாது, அது ‘ஸ்டடி’. ஏஎல்லுக்கு எந்தப் பாடம் எடுத்தாய் என்பதற்கும் பொருந்தாது. ‘ஐ பிக்ட் அப் பயோ’ என்பதை ‘ஐ டிட் பயோ’ என்று மாற்றுங்கள்.

‘வேர் டிட் யூ பிக் அப் யுவர் இங்கிலிஷ்?’ என்று விருந்தினர் கேட்டால் அது பாராட்டு. பாடசாலைப் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. ‘ஜஸ்ட் ஃப்ரொம் டோக்கிங் டு கெஸ்ட்ஸ்’ என்றால் உரையாடல் தொடரும்.

நோயில், தொற்றும் சின்ன வருத்தங்களுக்குத்தான் இது வரும். தடிமன், வயிற்றுக் கிருமி, தோல் தொற்று சரி. நீரிழிவையும் பிரஷரையும் ‘பிக் அப்’ செய்ய முடியாது. அவை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதில்லை.

படி 7: காற்றும் வியாபாரமும்

இங்கே பெயர்ச்சொல் எழுவாயாகிறது. அது தானாகவே கூடுகிறது, ஏறுகிறது. நடுவில் எதையும் செருக முடியாது, செயப்பாட்டுவினையாகவும் வராது. ‘பிஸ்னஸ் வொஸ் பிக்ட் அப்’ பிழை, ‘பிஸ்னஸ் பிக்ட் அப்’ சரி. பாசிக்குடாவில் மாரி மழை ஓய்ந்து கடல் அடங்கியபின் ‘பிஸ்னஸ் இஸ் பிக்கிங் அப்’ என்பார்கள்: யாவாரம் சூடுபிடிக்கிறது.

கவனிக்கவேண்டிய முரண் இதுதான். ‘த வெதர் இஸ் பிக்கிங் அப்’ என்றால் காலநிலை நல்லதாகிறது. ‘த விண்ட் இஸ் பிக்கிங் அப்’ என்றால் காற்று பலக்கிறது. ஒன்று நற்செய்தி, மற்றது எச்சரிக்கை. வாவியில் தோணியில் விருந்தினரை ஏற்றிச் செல்லும்போது கச்சான் காற்று கிளம்பினால் சொல்லவேண்டியது இரண்டாவது, கூடவே ‘வீ ஷுட் கோ பெக் நவ்’. வெதர் என்று வாய் தவறினால் ‘ஓ, கிரேட்!’ என்று அவர்கள் கெமராவை எடுப்பார்கள்.

வருத்தக்காரர் தேறிவருவதற்கும் இந்தப் பொருள் உண்டு. ‘ஷீ இஸ் பிக்கிங் அப் நவ்’, இப்போது கொஞ்சம் தேறிவருகிறா. வாகனமோ ரெயிலோ வேகமெடுப்பது ‘பிக் அப் ஸ்பீட்’. இதில் ஸ்பீடுக்கு முன்னால் ‘எ’யோ ‘த’வோ வராது.

படி 8: சிக்னல், பிழை, ‘ஒன்’

ஒரு கருவி சிக்னலையோ சத்தத்தையோ பிடிப்பதும் ‘பிக் அப்’. ‘த மைக் இஸ் பிக்கிங் அப் த ஃபேன்.’ மைக்கில் ஃபேன் சத்தம் விழுகிறது. சூம் வகுப்பில் அடிக்கடி தேவைப்படும்.

‘பிக் அப் ஒன்’ என்று மூன்று சொல்லாக வந்தால் (இந்த ‘ஒன்’ எண் அல்ல, ‘மேல்’ என்ற பொருளில் வரும் ‘ஒன்’), சொல்லாமல் விட்டதை ஊகித்துக்கொள்வது. ‘ஷீ பிக்ட் அப் ஒன் ஹிஸ் வொரி.’ அவன் கவலையை அவள் கண்டுகொண்டாள். படி 1இல் சொன்ன விதி இங்கே செல்லாது. ‘இட்’ கடைசியில் வரும்: ‘ஐ பிக்ட் அப் ஒன் இட்.’ நடுவில் ஆளை வைத்தால் பொருளே மாறும். ‘த டீச்சர் பிக்ட் மீ அப் ஒன் மை ஸ்பெலிங்’ என்றால் எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார்.

‘பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஓஃப்’, விட்ட இடத்திலிருந்து தொடர்வோம், ஆசிரியர்களுக்கு உதவும். ‘பிக் அப் ஆஃப்டர்’ என்றால் ஒருவர் போட்டுவிட்டுப் போன குப்பையை மற்றவர் பொறுக்குவது.

படி 9: பெயர்ப்பலகையிலும் கடிதத்திலும்

வினையாக எழுதும்போது நடுவில் இடைவெளி, கோடு இல்லை. பெயராக எழுதும்போது நடுவில் சிறு கோடு போடுவது பிரித்தானிய முறை, ஒரே சொல்லாக எழுதுவது அமெரிக்க முறை. ‘ஏர்போர்ட் பிக்-அப்’, ‘பிக்-அப் பொயின்ட்’, ‘பிக்-அப் டைம்’ எல்லாம் பெயர். பெயராக வந்தால் அழுத்தம் ‘பிக்’கில் விழும். பலகையில் ‘வீ பிக்கப் யூ ஃப்ரொம் ஏர்போர்ட்’ என்று ஒட்டி எழுதினால் ‘யூ’ இடம் மாறியதோடு சொல்லும் பிழைத்துவிடும். ‘ஏர்போர்ட் பிக்-அப்ஸ் அவைலபிள்’ என்று எழுதினால் வினையே தேவையில்லை, பிழைக்கவும் வழியில்லை. பேச்சில் ‘பிக்கப் பண்ணுங்க’ என்று சொல்லிச் சொல்லியே ‘டூ பிக்கப் மீ’ வருகிறது. அந்த ‘பண்ணு’வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ எழுதும் கடிதத்தில் ‘பிக் அப்’ கொஞ்சம் வீட்டுத்தனமாக இருக்கும். சான்றிதழை எடுப்பதற்கு ‘கலெக்ட்’, திறனைப் பெறுவதற்கு ‘அக்வயர்’, நிலைமை தேறுவதற்கு ‘இம்ப்ரூவ்’, பிழையைக் கண்டுபிடிப்பதற்கு ‘டிடெக்ட்’. ஐஈஎல்டிஎஸ் கட்டுரைக்கும் இதுவே நல்லது. வாய்மொழித் தேர்வில் நேர்மாறு. அங்கே ‘ஐ அக்வயர்ட் சம் சிங்களா’ என்றால் புத்தகம் வாசிப்பதுபோல இருக்கும். ‘பிக்ட் அப்’பைத் தயங்காமல் போடுங்கள்.

கையைத் தீட்ட ஆறு வசனம்

ஆறிலும் பிழை உண்டு. விடையைப் பார்க்குமுன் வாய்விட்டுத் திருத்திச் சொல்லுங்கள்.

1. ‘வாப்பா வில் கம் டு பிக் அப் மீ.’
2. ‘ஐ கோல்ட் த்ரீ டைம்ஸ், பட் யூ டிட் நொட் பிக்.’
3. ‘த கெஸ்ட்ஸ் வேர் பிக்ட் அட் களுவாஞ்சிக்குடி.’
4. ‘பிக் அப் த மேங்கோஸ் ஃப்ரொம் த ட்ரீ.’
5. ‘ஹீ வொஸ் அப்செட், பட் நோபடி பிக்ட் இட் அப் ஒன்.’
6. ‘ஷீ பிக் அப்ஸ் ஹேர் சன் அட் ட்வெல்வ்.’

விடைகள்: முதலாவதில் ‘பிக் மீ அப்’. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ‘அப்’ விடுபட்டிருக்கிறது: ‘டிட் நொட் பிக் அப்’, ‘வேர் பிக்ட் அப் அட்’. நான்காவதில் மரத்திலிருந்து பறிப்பதால் ‘அப்’ வேண்டாம்; மரத்தடியில் விழுந்து கிடந்தால் வேண்டும். ஐந்தாவதில் ‘பிக்ட் அப் ஒன் இட்’, ஏனென்றால் ‘ஒன்’ வந்துவிட்டது. ஆறாவதில் ‘ஸ்’ வினையில் ஒட்டும், ‘அப்’பில் அல்ல: ‘ஷீ பிக்ஸ் ஹேர் சன் அப்’, அல்லது ‘ஷீ பிக்ஸ் அப் ஹேர் சன்’. ‘சன்’ பெயர்ச்சொல் என்பதால் இரண்டும் சரி. ‘ஹிம்’ என்று சொன்னால் ‘பிக்ஸ் ஹிம் அப்’ மட்டும்தான்.